உன் வீட்டில் யார் தீ மூட்டுகிறார்கள்?

அந்த உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. நீளமான வெள்ளை உறை, இடது மூலையில் தொழிற்சாலையின் முகவரி அச்சிட்டது. ஒட்டியிருந்த மடிப்பைக் கேத்திலின் ஆவியில் பிடித்து நான் பிரித்ததால் அந்த ஓரம் மட்டும் நெளிந்து காய்ந்துபோயிருக்கிறது. மேலே, சாய்ந்த கையெழுத்தில், என் லோயரின் பெயர். அவருக்கு அது போய்ச் சேரவில்லை. சென்ற மாதம் அஜின்கோர்ட்டிலிருந்து விட்பிக்கு வீடு மாறியபோது பதினேழு பெட்டிகளுக்கும் உள்ளே இருப்பவற்றைப் பட்டியலிட்டு ஒட்டினேன். பதினான்காம் பெட்டியில் "சான்றிதழ்கள், வரிப் பத்திரங்கள், அப்பாவின் கடிதங்கள், உறை (1)" என்று இருக்கிறது. கணவர் அதை வாசித்துவிட்டு, "உந்த உறைக்குள்ள என்ன?" என்று கேட்டார். "ஒரு பொய்" என்றேன். "ஆற்றை பொய்?" என்றார். "என்ரைதான். ஆனா எழுதினது வேற ஆள்." அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

எழுதியவர் என் சுப்பவைசர். நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரிப் பெண். கனேடியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே கனடாவுக்கு வந்து இருபது வருடமாகியிருந்தது. நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தது 1995 ஆம் ஆண்டு கோடையில். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்திருந்தேன். அந்தச் சான்றிதழை இங்கே யாரும் திறந்தும் பார்க்கவில்லை, ஆனாலும் சோல்டர் அயனைப் பிடிக்கத் தெரிந்திருந்தது. மில்லிக்கன் பக்கம், ஸ்டீல்ஸ் வீதிக்கு அருகில், லிப்ட்டுகளுக்கான சேர்க்கிற் போர்ட் செய்யும் சிறிய தொழிற்சாலை. என் வேலை, முடிந்த போர்டுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்துப் பிழைகளைத் திருத்துவது. சுப்பவைசருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அகன்ற தோள், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. பிழைச் சீட்டு எழுதுவதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. "இணைப்பு பழுது" என்று எழுதினால் சீட்டைத் திருப்பித் தந்துவிடுவார். "பழுது என்பது உன் நினைப்பு. என்ன பார்த்தாய்? வெடிப்பா, சாம்பல் நிறமா, துளையா? பார்த்ததை எழுது. நினைத்ததை எழுதாதே." எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. அவரைத்தான் பிடிக்கவில்லை.

காரணம் திங்கட்கிழமைகள். திங்கள் காலை ஒவ்வொரு மேசையாக வருவார். மற்றச் சுப்பவைசர்கள் போல வார இறுதி எப்படிப் போனது என்று கேட்கமாட்டார். "ஊரில் உன் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?" என்பார். பதில் சொன்னால் விடுவதில்லை. "யார் சமைக்கிறார்கள்? நேற்றும் சமைத்தார்களா? வீடு பூட்டிக் கிடக்கிற நாள் உண்டா?" என் பக்கத்து மேசைப் பிலிப்பினோப் பெண் சிரித்துக்கொண்டே தன் தாய், தம்பி, தம்பியின் பன்றிகள் வரை சொல்லிவிடுவாள். நான் போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வேன். என் அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்திருந்தது. வீட்டில் யார், எங்கே, எப்போது என்று கேட்பவர்களை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். அவர்கள் சீருடை போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒற்றைறூள் கொப்பி ஒன்று வாங்கி நான்கு நிரல் கீறினேன். திகதி, அவர் கேட்டது, நான் சொன்னது, ஏன் கேட்கிறார். முதல் மூன்று நிரலும் வாராவாரம் நிரம்பின. நான்காவதில் ஒரு கேள்விக்குறி, அதன் கீழே இன்னொரு கேள்விக்குறி.

வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்றில், என்னை வாடகைக்கு வைத்திருந்தவரை அங்கிள் என்று கூப்பிடுவேன். எனக்கு முதல் வந்தவர், எல்லா விசாரணைகளையும் கரைத்துக் குடித்தவர் போலப் பேசுவார். திங்கட்கிழமைக் கேள்வியைப் பற்றிச் சொன்னதும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"உந்த மனுசிக்கு உன்ரை வீட்டிலை ஆர் சமைச்சா என்ன, ஆர் பட்டினி கிடந்தா என்ன? ஆரோ கேக்கச் சொல்லித்தான் கேக்குது."

"ஆர் அங்கிள் கேக்கச் சொல்லப் போறது? எல்லாரிட்டையும்தான் கேக்கிறா."

"எல்லாரிட்டையும் கேட்டாத்தானே உன்னட்டைக் கேக்கிறது தெரியாது. கேஸ் முடியுமட்டும் ஒண்டும் சொல்லாதை. கேட்டா எதையாவது சொல்லிச் சமாளி."

நான் ஏற்கனவே சமாளித்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் திங்களே "வீடு கொழும்பில்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதல்ல. கனடா வருவதற்கு முன் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் ஐந்து மாதம் இருந்தேன். அங்கே இருந்த எல்லோருக்கும் அந்த லொட்ஜின் இலக்கமும் ஒழுங்கையின் பெயரும் மனப்பாடம். சோதனைச் சாவடியில் "வீடு எங்கே" என்றால் யாழ்ப்பாணம் என்ற சொல் நாக்குக்கு வராமல் கொழும்பு முகவரி வர வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதுவே வரப் பழகினோம். அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறி வந்திருந்தது. கொழும்பு என்று சொன்ன பிறகு அந்த வீட்டில் ஆட்களையும் வைக்க வேண்டியதாயிற்று. ஒரு சித்தியை வைத்தேன். சித்தி காலையில் இடியப்பம் அவிப்பார். வெள்ளிக்கிழமை மரக்கறி. முரண்பட்டுவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் மூன்றாம் நிரலில் ஒழுங்காகக் குறித்து வைத்தேன். பொய்யையும் பரிசோதனை அறிக்கை போலப் பராமரித்தேன்.

உண்மையான வீடு கொக்குவிலில் இருந்தது. அம்மா இறந்த பிறகு அப்பா தனியே இருந்தார். அந்த ஒக்ரோபர் முடிவில், இராணுவம் நெருங்கியதும், எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் வீடுகளை விட்டு எழும்பி நடந்தது. அங்கிளின் வானொலிப் பெட்டியைச் சுற்றி நாலு பேஸ்மென்றுச் சனம் நின்றது. அப்பா வீட்டில் இருக்கிறாரா, நடந்துவிட்டாரா, நடக்கும் வழியில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த திங்கள் சுப்பவைசர் வந்து, "உன் வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்றார். "சித்தி. இடியப்பம்" என்றேன். அவர் நகரவில்லை. என் முகத்தை, கண்ணாடியின் கீழ் போர்டைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அன்று மதிய இடைவேளையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "நான் கேட்பது உனக்குப் பிடிக்கவில்லை. ஏன் அப்படிக் கேட்கிறேன் என்று சொல்கிறேன்" என்றார். தன் மொழியில் வீட்டுக்கு இரண்டு சொற்கள் உண்டு என்றார். சுவரும் கூரையுமாக நிற்பது ஃபாரே. ஆனால் ஊர் திரும்புகிறவன் போய்ச் சேர்வது காயிங்காவுக்கு. கா என்றால் எரிவது. காயிங்கா, தீ எரிகிற இடம். ஒரு நிலம் யாருடையது என்ற வழக்கு வந்தால் அவருடைய ஆட்கள் வேலியைப் பார்க்கமாட்டார்களாம். யாருடைய தீ அங்கே அணையாமல் எரிகிறது என்று பார்ப்பார்களாம். குடும்பத்தில் எல்லோரும் வெளியே போகலாம், ஒருவர் இருந்து மூட்டினால் போதும். ஒருவரும் இல்லாமல் மூன்று தலைமுறை போனால் தீ ஆறிவிடும், உரிமையும் ஆறிவிடும். "அதனால்தான் யார் சமைக்கிறார்கள் என்று கேட்கிறேன்" என்றார். பிறகு, "நீங்கள் புது வீட்டுக்குப் போனால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"பால் காய்ச்சுவோம். பொங்கி வழியவேண்டும்."

"இங்கே உன் அறையில் காய்ச்சினாயா?"

"இல்லை" என்றேன். கேஸ் முடியாமல் எந்த இடத்தையும் வீடாக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். அவருக்கு நான் சொன்ன முதல் உண்மை அதுதான். மாலையில் அதையும் கொப்பியில் எழுதினேன். நான்காம் நிரலில் "தீ?" என்று எழுதி, பக்கத்தில் "நம்பலாமா?" என்றும் எழுதினேன். இவ்வளவு அழகான காரணம் கையில் இருந்தால் யாரும் எதையும் கேட்கலாமே.

அங்கிளோ வேறு காரணத்துக்காகக் கிளர்ந்துவிட்டார். "காயிங்காவோ? பிள்ளை, உது எங்கட காங்கையெல்லே! காங்கையெண்டா சூடு. வெளியிலை காங்கை அடிக்குது எண்டு சொல்லுறேல்லையோ? எல்லாம் தமிழிலை இருந்துதான் போனது."

"சத்தம் ஒண்டாயிருந்தா சொந்தமாகுமோ அங்கிள்?"

"அப்ப அந்த மணி? தமிழெழுத்துப் போட்ட வெண்கல மணி நியூசிலாந்திலை கிடந்ததெல்லே. உந்தச் சனம் அதிலை உருளைக்கிழங்கு அவிச்சதாம்."

"உடைஞ்ச மணியை ஆரும் கப்பல்காரன் கொண்டுபோயிருக்கலாம்."

"கப்பல்காரன் ஆர்? தமிழன்!" என்று மேசையில் தட்டினார். ஒரு நிமிடம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, "எண்டாலும் அவவுக்கு ஒண்டும் சொல்லாதை" என்றார். சொந்தக்காரி ஆக்கிய பிறகும் அங்கிள் அவரை நம்பவில்லை.

மாசியில் விசாரணைத் திகதி வந்தது. என்னை அறிந்த ஒருவரிடமிருந்து, முடிந்தால் வேலையிடத்திலிருந்து, ஒரு கடிதம் வேண்டும் என்று லோயர் சொன்னார். சுப்பவைசரிடம் கேட்டேன். மறுநாளே ஒட்டிய உறையாகக் கையில் தந்தார். ஏன் ஒட்டினார் என்ற கேள்வி பஸ்ஸில் பின்ச் அவெனியூ முழுதும் கூடவே வந்தது. பேஸ்மென்றுக்குள் நுழைந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் கேத்திலைப் போட்டேன்.

கடிதம் ஒரு பக்கம்தான். நேரம் தவறாதவள், கை சுத்தம், பிழைகளைக் கண்டுபிடிப்பதில் தொழிற்சாலையிலேயே சிறந்தவள். அதன் கீழே, இரண்டாம் பந்தியில், நான் சொல்லக் கேட்டதை அப்படியே எழுதியிருந்தார். எட்டு மாதமாக இவள் தன் வீட்டைப் பற்றி என்னிடம் பேசிவருகிறாள். அந்த வீடு கொழும்பில் உள்ளது. சித்தி அங்கே தினமும் சமைக்கிறார். அந்தத் தீ அணையவில்லை. தன் வீட்டின் மீது இவ்வளவு அன்புள்ளவளை இந்த நாடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கட்டிலில் உட்கார்ந்து மறுபடி வாசித்தேன். அந்த வருடங்களில் எங்கள் கோரிக்கைகள் பெரும்பாலும் விழுந்தது ஒரே குழியில்தான். யாழ்ப்பாணத்தில் ஆபத்து என்றால் கொழும்பில் போய் இருக்கலாமே என்பார்கள். கொழும்பில் எனக்கு வீடு இல்லை, ஆள் இல்லை, லொட்ஜிலிருந்து சீருடைக்காரர் இரண்டு முறை பிடித்துக்கொண்டு போனார்கள் என்று படிவத்தில் எழுதியிருந்தேன். அது முழு உண்மை. இப்போது, என் நன்மைக்காக, என் சொந்தச் சித்தியே வந்து எனக்கு எதிராகச் சாட்சி சொல்லுகிறார்.

உறையைக் கொடுக்காமல் விட்டிருக்கலாம். கடிதம் தொலைந்துவிட்டது என்று இன்னொரு பொய் போதும். அன்றிரவு அதற்கான வசனத்தைக்கூட மூன்றாம் நிரலில் எழுதிப் பார்த்தேன். ஆனால் சுப்பவைசர் ஒழுங்கான ஆள். பிரதி ஒன்றைத் தபாலில் லோயருக்கு நேரே அனுப்பிவிடுவார் என்ற பயம்தான் என்னை மறுநாள் அவருடைய சிறிய கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. மனச்சாட்சி என்று எழுதினால் நன்றாக இருக்கும். பயம்தான்.

சொன்னேன். கொழும்பு பொய். சித்தி என்று ஒருவர் இல்லை. வீடு வேறிடத்தில் இருக்கிறது. அப்பா அதைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு சனத்தோடு நடந்து, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதாகப் போன வாரம்தான் கைமாறிக் கடிதம் வந்தது. வீட்டில் யாரும் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார். பிறகு, "அந்தக் கொப்பியில் என்ன எழுதுகிறாய்?" என்றார்.

"எந்தக் கொப்பி?"

"திங்கட்கிழமை நான் மேசையை விட்டு நகர்ந்ததும் எடுப்பாயே. எட்டு மாதமாகப் பார்க்கிறேன். என்னைப் பற்றி மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதுகிறாய் என்று நினைத்தேன். அதுதான் உன் கடிதத்தை ஒட்டித் தந்தேன், நீ எதையும் மாற்றிவிடாமல் இருக்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "எட்டு மாதம் ஒன்று சொன்னாய். இன்று வேறொன்று சொல்கிறாய். எதை எழுதுவது? உனக்காக நான் பார்க்காததை எழுதமாட்டேன்" என்றார். பெஞ்சுக்குத் திரும்பிப் போய் அயனைக் கையில் எடுத்து, மறுபடி வைத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. இம்முறை ஒட்டாமல். வேலையைப் பற்றிய வரிகள் அப்படியே இருந்தன. இரண்டாம் பந்தி மட்டும் மாறியிருந்தது. 'முதலில் தன் வீடு கொழும்பில் என்றாள். நான் எதுவும் கேட்காமலே வந்து அது பொய் என்றாள். இரண்டாவது சொன்னது உண்மை என்று என்னால் நிரூபிக்க முடியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன். எட்டு மாதமாக இவள் சோல்டர் செய்வதைக் கவனித்து வருகிறேன். இவளுடைய கை நடுங்கி நான் பார்த்தது, பொய் என்று வந்து சொன்ன அன்று ஒரு நாள்தான்.'

லோயர் அதை வாசித்துவிட்டு, கோவையில் வைக்காமல் விடுவதே நல்லது என்றார். அங்கிள் தலையில் கை வைத்தார். "கள்ளி எண்டு எழுதித் தந்ததைக் கொண்டுபோய்க் குடுக்கிற ஆளை இப்பதான் பாக்கிறன்." நானும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கீறினேன். கொடுக்காமல் விடுவதற்கு ஆறு காரணம் வந்தது. கொடுப்பதற்கு ஒன்று. இவ்வளவு நாளில் என்னைப் பற்றி எழுதப்பட்ட தாள்களில் பொய் இல்லாதது அது மட்டும்தான்.

விசாரணையில், எதிர்பார்த்த இடத்திலேயே, அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக் கேட்டார்கள். "உங்கள் சுப்பவைசர் அரசாங்க ஆள் இல்லை. அவருக்கு ஏன் பொய் சொன்னீர்கள்?" தயாரித்து வைத்திருந்த பதில் ஏதோ இருந்தது. அது வரவில்லை. "வீடு எங்கே என்று கேட்கிற எல்லோரும் எனக்கு ஒரே ஆளாகத்தான் தெரிகிறார்கள்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தார். ஐந்து வாரத்தில் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. கடிதம்தான் காரணமா, கடிதத்தையும் மீறியா என்று எனக்குத் தெரியாது. தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதன் பிறகும் திங்கட்கிழமைகள் தொடர்ந்தன. உண்மையையே சொன்னேன். அந்த வருட நடுவில் அப்பா கொக்குவிலுக்குத் திரும்பிவிட்டார். அவருடைய முதல் கடிதத்தில் சேதங்களின் பட்டியல் இருந்தது. எனக்கு அந்தப் பழக்கம் அவரிடமிருந்துதான் வந்தது. கதவு மூன்று இல்லை, யன்னல் நிலை இரண்டு இல்லை, கிணற்று வாளி இல்லை. கடைசி வரி இப்படி இருந்தது: 'குசினி அடுப்பில் புதுச் சாம்பல் கிடந்தது. நாங்கள் இல்லாத நாட்களில் யாரோ சமைத்திருக்கிறார்கள்.' யார்? சிப்பாய்களா, நடக்க முடியாமல் தங்கிவிட்ட யாராவதா, கதவைக் கழற்றியவர்களா? எங்கள் யன்னல் நிலையையே விறகாக்கியிருந்தால்? சுப்பவைசரிடம் கொதிப்போடு சொன்னேன். அவர் அன்று மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "அப்படியென்றால் அங்கே தீ இருந்திருக்கிறது" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். யாருடைய தீ என்பது முக்கியமில்லையா என்று அவரிடம் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

வேறொன்றைச் செய்தேன். நூலகத்துக்குப் போய் அவருடைய சொல்லைச் சோதித்தேன். நன்றி ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம். காயிங்கா மாவோரிகளுக்கு முன்பே பிறந்த சொல். கடலில் தீவு தீவாக வந்த மக்கள் கூடவே கொண்டுவந்தது. டொங்காவில் அதே சொல்லுக்குப் பொருள் உறவினர். சமோவாவில் அது ஆயிங்கா, குடும்பம். ஹவாயில் ஆயினா, நிலம். ஃபாரேயின் சொந்தம் மலாயின் பலாய் வரை போகிறது. ஆனால் காயிங்கா தீயிலிருந்து வந்தது என்பதை எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. தொடக்கத்திலிருந்தே குடியிருப்பு என்றுதான் பொருள் என்கிறார்கள் சிலர். உண்பது என்ற வேரோடு சேர்க்கிறவர்களும் உண்டு. அங்கிளின் காங்கை எந்தப் பக்கத்திலும் இல்லை. அவரிடம் சொன்னபோது, "வெள்ளைக்காரன் எழுதினது" என்று முடித்துவிட்டார்.

சுப்பவைசர் வேலையை விட்டது 1998 இல். நியூசிலாந்துக்கே திரும்பிப் போகிறேன் என்றார். கடைசி வெள்ளி எல்லோரும் கேக் சாப்பிட்டுக் கலைந்த பின் நூலகத்தில் கண்டதைச் சொன்னேன். தீ அந்தச் சொல்லுக்குள் இல்லாமலும் இருக்கலாம் என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "நான் கேட்டு வளர்ந்ததைச் சொன்னேன். சொல் பிறந்ததை நான் பார்க்கவில்லை. எழுதிக்கொள், தெரியாது என்று" என்றார். கைப்பைக்குள் இருந்த கொப்பி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. மூன்று வருடத்தில் அதில் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் இருந்தன. எல்லாம் அவர் என்னைக் கேட்டவை. நான் அவரைக் கேட்டதாக ஒரு வரியும் இல்லை. வேவு பார்க்கிறவரிடம் நலம் விசாரிக்க யாருக்குத் தோன்றும்?

"உங்கள் வீட்டில் யார் தீ மூட்டுகிறார்கள்?" என்றேன்.

அவர் மேசையில் கிடந்த கேக் துணுக்குகளைக் கையால் கூட்டி ஒரு பக்கம் ஒதுக்கினார். "ஒருவரும் இல்லை. என் அக்கா இருந்தாள். நீ வேலைக்கு வந்த அந்தக் கோடையில் இறந்துவிட்டாள். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது."

அன்று பஸ்ஸில் நான்காவது நிரலை நிரப்பினேன். ஒரே விடைதான், எல்லாக் கேள்விக்குறிகளுக்கும் பொருந்தியது.

விட்பி வீட்டில் குடிபூரலுக்குப் பால் காய்ச்சினோம். மின்னடுப்பில் சுடர் தெரியாது, சுருள் சிவக்கும், அவ்வளவுதான். பால் பொங்கிச் சுருளில் வழிந்து புகைந்து எச்சரிக்கை மணி அலறியது. கணவர் கதிரையில் ஏறித் துவாயால் விசிறினார். அங்கிள் கைதட்டினார். அந்த வாரம் சுப்பவைசர் தந்துவிட்டுப் போன முகவரிக்கு எழுதினேன். தீ மூட்டியாயிற்றா என்று கேட்டிருந்தேன். இன்னும் பதில் இல்லை. தபால் மெதுவாக இருக்கலாம். அவர் ஊருக்குப் போகாமலே இருந்திருக்கலாம். அவருடைய ஆட்கள் அவரை ஏற்காமலும் இருக்கலாம். மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பதினான்காம் பெட்டியை நேற்றுத்தான் பிரித்தேன். இரண்டாவது கடிதம் விசாரணைக் கோவையோடு போய்விட்டது, பிரதி இருக்கிறது. அது உண்மை, அதனால் என்னைச் சந்தேகிக்கிறது. நெளிந்த உறைக்குள் இருப்பது முதலாவது. அதை ஏன் எறியவில்லை என்று கணவர் கேட்டிருந்தால் இப்போது சொல்லியிருப்பேன். நான் சொன்னதை ஒரு சான்றும் கேட்காமல், வரிக்கு வரி நம்பி, ஒருவர் என்னைப் பற்றி எழுதிய தாள் அது ஒன்றுதான். அதில் இருக்கும் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் தீ மூட்டியதில்லை.